மக்கடேமியா பருப்பு ஓட்டை விட்டு வராமல் படுத்தியபோது

பிரிஸ்பேனில் எங்கள் கொல்லையில் மக்கடேமியா என்ற கெட்டி ஓட்டுக் கொட்டை மரம் நன்றாகவே காய்க்கிறது. பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலம் அதன் தாய்மண் ஆயிற்றே. ஆனால் உடைத்தால் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வந்தது. சுத்தியலை மாற்றினேன், வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) வைத்து இறுக்கினேன், காயை ஃப்ரீசரில் போட்டு எடுத்தேன். ஒன்றும் சரிப்படவில்லை.

கோளாறு ஈரத்தில் இருந்தது. புதிதாக உதிர்ந்த காயில் கால் பங்கு வரைகூட ஈரம் இருக்கும். அது 1.5 சதவீதத்துக்கு இறங்கும்போதுதான் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும்.

இப்போது விழுந்ததைப் பொறுக்கி மறுநாளுக்குள் பச்சைத் தொலியை உரித்து, வலைப்பையில் நிழலில் சில வாரம் தொங்கவிடுகிறேன். வெயில் கூடாது. அப்புறம் ஓவனில் 40 டிகிரியில் இரண்டு நாள். காதருகே குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடாததை மறுபடி உலர்த்துகிறேன். முழுப் பருப்பாக வருகிறது, அப்பாடா!