கறிக்குழம்பு வைக்கிற வீட்டில் ஒரு சைவப் பிள்ளை: இரண்டு சமையல் இல்லாமல் சமாளிக்க

வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் கறி, மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், சமைக்கிறவருக்கு முதலில் தோன்றுவது "அப்போ தினமும் ரெண்டு சமையலா?" என்பதுதான். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் குழம்பிலும் சால்னாவிலும் கறி விழும் வரைக்கும் சட்டியில் இருப்பது வெங்காயம், தக்காளி, மசாலா, தேங்காய்தான், அதாவது முழுச் சைவம். அந்த இடத்தில் ஒரு கரண்டி குறுக்கே போட்டுப் பாதியைத் தனிச் சட்டிக்கு மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். முட்டை உண்டா? முட்டை போட்ட கேக்? மீன் பொரித்த கல்லில் தோசை ஊற்றினால் சாப்பிடுமா? பால், தயிர், நெய்? முட்டை உண்டு என்றால் உங்கள் பாடு பாதி குறைந்தது. இல்லை என்றால் ஒரு வாணலியையும் இரண்டு கரண்டியையும் தனியாக ஒதுக்கிவிடுங்கள், தினமும் வாக்குவாதம் மிச்சம். "துண்டை எடுத்து வெச்சுட்டு குழம்பை மட்டும் ஊத்திக்கோ" என்று பாட்டி சொல்லத்தான் செய்வார், அது எடுபடாது. தெரியாமல் கொஞ்சம் எலும்புச் சாறு கலந்துவிடலாம் என்கிற யோசனை இன்னும் மோசம். ஒருதரம் கண்டுபிடித்தால் அப்புறம் நீங்கள் வைக்கிற ரசத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை எடுத்துக்கொள்வோம். மட்டனை மஞ்சள்தூள், உப்பு போட்டுக் குக்கரில் தனியாக வேகவிடுங்கள். இன்னொரு சட்டியில் சோம்பு, பட்டை தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள் மல்லித்தூள் போட்டு, தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் பங்கு பிரியுங்கள். வெந்த மட்டனும் அதன் தண்ணீரும் ஒரு பங்குக்குப் போகட்டும், சைவப் பங்குக்கு முதல் நாளே ஊறவைத்து வேகவைத்த மொச்சையோ கொண்டைக்கடலையோ, கூட ஒரு உருளைக்கிழங்கு. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: கறியின் கொழுப்பும் எலும்புச் சாறும் இல்லாததால் இந்தப் பங்கு சப்பென்று இருக்கும். அதனால் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் கூடுதலாக விட்டு, நாலைந்து சின்ன வெங்காயத்தைக் கருக வறுத்து அரைத்துச் சேர்த்து, மொச்சை வெந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் அதையே குழம்புக்கு ஊற்றுங்கள். குழம்பு கெட்டியாக, கரண்டியில் ஒட்டுகிற மாதிரி வந்துவிடும்.

மீல்மேக்கர் போடுவதென்றால் உப்புப் போட்ட வெந்நீரில் 5 நிமிஷம் வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி இரண்டு தடவை இறுகப் பிழிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பச்சை வாடை போகவே போகாது, பிள்ளை அன்றோடு அதைத் தொடாது.

மீன் குழம்பும் இதே வழிதான், புளிக்கரைசலின் பச்சை வாசனை போனதும் பிரித்து, கத்திரிக்காய், மாங்காய் போட்டுவிடலாம். வறுவலுக்கு சேனைக்கிழங்கு. அரை அங்குல கனத்தில் நறுக்கி, புளித்தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்தால் நாக்கு அரிப்பு இருக்காது. மீனுக்குத் தடவுகிற மசாலாவையே கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துத் தடவி, கல்லில் முதலில் சேனையைப் போட்டு எடுத்துவிட்டு, அப்புறம் மீன். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பள்ளிபாளையம் சிக்கன் செய்கிற அன்றைக்கு அதே சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லில் காளான். காளான் தண்ணீர் விடும், தீயைக் கூட்டி வைத்து உப்பைக் கடைசியில் போடுங்கள்.

பிரியாணியில் மட்டும் இந்தப் பங்கு பிரிக்கிற வேலை சரிப்படாது, அரிசியே கறிச்சாற்றைத்தான் குடித்து வேகிறது. சின்னக் குக்கரில் ஒரு டம்ளர் சீரகச் சம்பாவைத் தனியாக வைத்துவிடுங்கள், தண்ணீரில் பாதிக்குத் தேங்காய்ப்பால். வார நாட்களுக்கு என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், புரட்டாசி மாதம் முழுக்க கவிச்சி இல்லாமல் ஓட்டுகிற வீடு என்றால் ஒரு மாத மெனு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

எனக்கு உண்மையில் பயமாகத் தெரிவது தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். கறியை விட்ட பிள்ளைகள் பருப்பு, காய் பக்கம் போவதில்லை, பரோட்டா, நூடுல்ஸ், சிப்ஸ் என்று போய்விடுகிறார்கள். 16 வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம், பையனுக்கு 55 கிராம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்). சாப்பாட்டில் சாம்பாரோடு ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் 50 கிராம் கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல் (இதிலேயே சுமார் 10 கிராம் வந்துவிடும்), ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வாரத்தில் சில நாள் பனீரோ மீல்மேக்கரோ. மீதியை இட்லி, தோசை, சோறு பார்த்துக்கொள்ளும்.

இரும்புச்சத்து விஷயத்தில் "ரத்தம் குறைஞ்சிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைச் சும்மா தள்ளிவிட வேண்டாம், மாதவிடாய் வந்த பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கறியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும், கீரை பருப்பில் உள்ளதை அப்படி எடுக்காது. கூடவே வைட்டமின் சி இருந்தால் நிலைமை தேவலை. ஆகவே சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், முருங்கைக்கீரை அன்று பக்கத்தில் ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடைக்காது, கறி, மீனை விட்டால் பால், தயிர், முட்டையில்தான் உண்டு. மூன்றும் வேண்டாம் என்கிற பிள்ளையை டாக்டரிடம் காட்டி மாத்திரை கேட்டுவிடுங்கள், சமையலால் அதைச் சரிக்கட்ட முடியாது.

கிடா வெட்டு, காதுகுத்து என்று ஊருக்குப் போனால் ரசத்தைக்கூட நம்ப முடியாது, எலும்பு ரசமாக இருக்கலாம். புளிசாதமும் வறுத்த சேனையும் ஒரு டப்பாவில் கையோடு எடுத்துப் போங்கள். "என்ன பாப்பா, சாமியார் ஆகப் போறியா?" என்று கேட்கிற மாமாவுக்கு நீங்களே ஏதாவது பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள், பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும்.