ஜோசா சாய்ஸ் ஃபில்லிங்: எந்த ஐஐடி, எந்த பிராஞ்ச் என்று வரிசைப்படுத்துவது எப்படி?

ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க் வந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஐஐடி, என்ஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசாவின் இணையதளத்தில் விருப்பங்களை வரிசையாக ஏற்றக் கணினியைத் திறக்கும் முன் கொஞ்சம் வெள்ளைத்தாளைக் கிழித்துச் சீட்டுகளாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஒரு சீட்டில் ஒரு கல்லூரி, ஒரு பிராஞ்ச் எழுதுவது. 'சென்னை ஐஐடி, மெக்கானிக்கல்' ஒன்று, 'திருச்சி என்ஐடி, கம்ப்யூட்டர் சயின்ஸ்' இன்னொன்று. என் தம்பிக்காக அறுபது சீட்டுகளைக் கூடத்துத் தரையில் பரப்பினோம். ரேங்க்கை இப்போது நினைக்கவே வேண்டாம்.

அடுத்து, இரண்டிரண்டாகக் கையில் எடுங்கள். "ரெண்டுமே கிடைத்தால் எங்கே போவேன்?" பதில் வரும் சீட்டு மேலே போகட்டும். 'பம்பாய் கெமிக்கல்', 'சென்னை சிவில்' இரண்டையும் வைத்துக்கொண்டு தம்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பம்பாயின் பவாய் ஏரிக்கரை வளாகம் பிடிக்கும். ஆனால் மான் திரியும் கிண்டி வளாகத்திலிருந்து ஞாயிறன்று வீட்டுக்கு வந்துவிடலாம். இதைச் சின்னக் காரணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான்கு வருடம் அங்கே இருக்கப்போவது அவன்தான். கரக்பூர் 1951இல் தொடங்கிய முதல் ஐஐடி. வளாகம் சுமார் 2,100 ஏக்கர். அந்த விரிவு ஒருவருக்குச் சுகம், இன்னொருவருக்குத் தனிமை.

பிராஞ்ச் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். துறையின் இணையதளத்தில் மூன்றாம் செமஸ்டர் பாடங்களைப் படித்துப் பாருங்கள். சேர்ந்தபின் பிராஞ்ச் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம், பல ஐஐடிகள் அதை நிறுத்திவிட்டன.

இப்போது அதே வரிசையில் இணையதளத்தில் ஏற்றுங்கள். நான் தப்பு செய்த இடம் இதுதான். என் முறை வந்தபோது, போன வருடம் ஒவ்வோர் இடமும் எந்த ரேங்க் வரை கிடைத்தது என்பதைப் பார்த்து வரிசை போட்டேன். மனசுக்குப் பிடித்தது கீழே போய்விட்டது, பிடிக்காதது கிடைத்தது. உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, ரேங்க் எட்டும் முதல் இடத்தைத்தான் ஜோசா தருகிறது. எட்டாததை மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. பழைய ரேங்க், கீழே நிச்சயமாகக் கிடைக்கும் சில இடங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க மட்டும்.

என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் ரேங்க்தான் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ்நாட்டில் முடித்திருந்தால் திருச்சியில் பாதி இடங்கள் ஹோம் ஸ்டேட், அதாவது சொந்த மாநிலத்தவருக்கான ஒதுக்கீட்டில் வரும்.

இப்போதைய பட்டியலுக்கு எது கிடைக்கக்கூடும் என்று காட்டும் மாதிரி ஒதுக்கீடு வந்ததும் ஒருமுறை சரிபார்த்து, லாக் செய்யுங்கள்.

இடம் கிடைத்த பிறகு ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று கேட்கும். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஃப்ளோட் என்றால் பட்டியலில் மேலே உள்ள எந்தக் கல்லூரிக்கும் போகத் தயார். ஸ்லைடு என்றால் அதே கல்லூரியில் மேலே உள்ள பிராஞ்ச் மட்டும். முதல் சுற்றில் சென்னை சிவில் வந்ததும், இனி ஊர் மாற வேண்டாம் என்று தம்பி ஸ்லைடு போட்டான்.