விரல் நடுங்குகிறவருக்கு எழுத்தைப் பெரிதாக்கி என்ன பயன்?

வீட்டில் யாராவது “இந்த ஃபோன் என் கைக்கு ஒத்துவரல” என்று சொன்னால், பெரும்பாலும் நாம் செய்யும் முதல் வேலை எழுத்தின் அளவைக் கடைசி வரை இழுத்து வைப்பதுதான். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும், தடுமாறுவது விரல். எழுத்து பெருத்ததும் பல செயலிகளில் கீழே இருந்த ‘ஓகே’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும், அதைப் பிடிக்கத் திரையைத் தள்ள வேண்டும், தள்ளுவதுதானே அவருக்குச் சிரமமே! பொத்தான், ஐகான் எல்லாம் சேர்ந்து பெரிதாக வேண்டுமானால் ஆண்ட்ராய்டில் ‘டிஸ்ப்ளே சைஸ்’ தனியாக இருக்கிறது. ஒரு படி ஏற்றிப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னொன்று.

அதைவிடப் பெரிய தவறு, நோயின் பெயரை வைத்து அமைப்பைத் தேடுவது. கை நடுங்கும் பார்கின்சன் நோய் உள்ள இரண்டு பேருக்கு ஒரே அமைப்பு சரிவரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒருவருக்கு ஒரு தட்டு மூன்று தட்டாக விழும், இன்னொருவருக்கு வைத்த விரலை எடுக்கவே நேரம் பிடிக்கும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். ஃபோனை வாங்கி நீங்களே தட்டிக்காட்டாதீர்கள்.

ஏனென்றால் செட்டிங்கில் உள்ள ஆக்சசிபிலிட்டி (உடல் சிரமம் உள்ளவர்களுக்கான வசதிகள்) பக்கத்தில் பார்வைக்கு ஒரே மாதிரி தோன்றும் மூன்று அமைப்புகள் உண்டு, மூன்றும் மூன்று வேலை, குழப்பம் முழுக்க இங்கேதான். ஆண்ட்ராய்டில் உள்ள ‘டச் அண்டு ஹோல்டு டிலே’ என்பது விரல் எவ்வளவு நேரம் இருந்தால் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்வது என்ற கணக்கு. வாட்ஸ்அப்பில் படத்தைத் திறக்கப் போய் அந்த மெசேஜ் தேர்வாகி மேலே குப்பைத்தொட்டி படம் வந்து நிற்கிறதா, முகப்புத் திரையில் ஐகான்கள் தானாக இடம் மாறிக் கிடக்கின்றனவா, அப்படியானால் விரல் மெதுவாக எழுகிறது. இதை ‘லாங்’ என்று வையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஐஃபோனில் ‘ஹோல்டு டியூரேஷன்’, சாம்சங்கில் ‘டேப் டியூரேஷன்’, இது வேறு. இவ்வளவு நேரம் தொட்டால்தான் அது தொடுதலே என்று ஃபோனுக்குச் சொல்வது. போகிற போக்கில் கை உரசி எதையோ திறந்துவிடுகிறவர்களுக்கு நல்லது. தசை பலவீனத்தால் லேசாகத் தொட்டு உடனே கை விழுந்துவிடுகிறவருக்கு இதைக் கூட்டிவைத்தால் ஒரு தொடுதல்கூடப் பதியாது, ஃபோன் செத்துவிட்டது என்றுதான் நினைப்பார். ஐஃபோனில் இதோடு இன்னொரு சிக்கல், ஹோல்டு டியூரேஷனைப் போட்டதும் தள்ளுவதும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கும், பக்கத்திலேயே உள்ள ‘ஸ்வைப் ஜெஸ்சர்ஸ்’ஸையும் இயக்கினால் அது விடுபடும்.

மூன்றாவது ‘இக்னோர் ரிபீட்’. நடுக்கத்தால் ஒன்று இரண்டாக விழுபவர்களுக்கு இதுதான் மருந்து, ஆனால் நேரத்தை அளவுக்கு மீறிக் கூட்டிவிடுவார்கள். அப்புறம் யூபிஐ பின் 1155 மாதிரி அடுத்தடுத்து ஒரே எண் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் சரியாகத்தான் அடிப்பார், ஃபோன் இரண்டாவது 1-ஐ விழுங்கிவிடும், பின் தவறு என்று வரும், மறந்துவிட்டோமோ என்று அவர் தன்னையே சந்தேகப்படுவார். குறைந்த நேரத்தில் ஆரம்பித்து, எண்களை அடிக்கச் சொல்லிப் பார்த்துக் கூட்டுங்கள்.

ஐஃபோன்காரர்கள் கவனிக்காமல் விடும் நல்ல விஷயம் ‘டேப் அசிஸ்டன்ஸ்’. விரல் சரியான இடத்தில் விழுந்து பிறகு வழுக்குகிறது என்றால் முதலில் தொட்ட இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். எங்கேயோ விழுந்து, நகர்த்தி, பொத்தானைப் பிடிக்கிறார் என்றால் கடைசியாக விட்ட இடத்தை.

சரி, அழைப்புக்கு வருவோம். நிறைய பேருக்கு ஃபோன் என்றாலே அழைப்புதான், அங்கே பச்சைப் பொத்தானை இழுக்க முடியாமல்தான் மிஸ்டு கால் ஆகிறது. சாம்சங்கில் வால்யூம் கூட்டும் பொத்தானை அழுத்தினாலே எடுக்கும்படி வைக்கலாம், ஹெட்செட்டோ புளூடூத்தோ இணைத்திருந்தால் தானாக எடுக்கும்படியும் வைக்கலாம், ஐஃபோனிலும் ‘ஆட்டோ ஆன்சர்’ உண்டு. கூடவே ஒன்றைப் பாருங்கள்: பக்கப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு முடியும் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஃபோனை இறுக்கிப் பிடிக்கிறவருக்குப் பாதிப் பேச்சில் கட்டாகிக்கொண்டே இருக்கும். எதிர்முனைக்காரர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்று அவர் நினைப்பார்.

அதே இறுக்கமான பிடி, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் டாக்பேக்கையும் இழுத்துவிடும். ஆண்ட்ராய்டில் இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சில நொடி சேர்த்து அழுத்தினால் அது இயங்குவது போலக் குறுக்குவழி இருக்கலாம். திடீரென்று ஃபோன் எல்லாவற்றையும் வாசிக்கும், ஒரு தட்டுக்கு எதுவும் திறக்காது, இரண்டு தட்டு வேண்டும், தள்ள இரண்டு விரல் வேண்டும். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், அதே இரண்டு பொத்தான்களை மறுபடி அழுத்திப் பிடியுங்கள், அணைந்ததும் அந்தக் குறுக்குவழியை எடுத்துவிடுங்கள். பார்வைக்காக டாக்பேக்கை நம்பி இருப்பவர் என்றால் குறுக்குவழியைத் தொடாதீர்கள், அது அவருக்கு வேண்டும்.

மூன்று தட்டுத் தட்டினால் பெரிதாக்கும் வசதியும் இப்படித்தான். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் இன்னும் வருமா என்று ஃபோன் காத்திருப்பதால் எல்லாமே மந்தமாகும். பெரிதாக்குவது வேண்டுமென்றால் மிதக்கும் பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் அமைப்புதான் காரணம் என்றும் இல்லை. தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்கிறது, அழுத்தத்தை இல்லை. வறண்டு வெடித்த விரல், தடித்த டெம்பர்டு கிளாஸ், செயற்கைக் கை, இவற்றோடு எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. வாயில் பிடித்துத் தொடும் குச்சிக்கும் மின்சாரம் கடத்தும் முனை இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தாறுமாறாகக் குதித்தால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள், மலிவான சார்ஜர் எழுப்பும் மின் இரைச்சல் திரையைக் குழப்பும்.

இதில் நான் கறாராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. “கைநடுக்கத்துக்கு ஸ்பெஷல் ஆப்” என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே-யை (பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலிக் கோப்பை) நிறுவி ஆக்சசிபிலிட்டி அனுமதி கொடுக்காதீர்கள். அந்த அனுமதி பெற்ற செயலியால் திரையில் இருப்பதைப் படிக்க முடியும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் முடியும், வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடிகள் பல இந்த வழியில் நுழைகின்றன. ஆண்ட்ராய்டு 13 முதல் வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு இந்த அனுமதியைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். “செட்டிங்கில் போய் இப்படி மாற்று” என்று எவராவது வழி சொன்னால் அவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பழைய நிலையைத் தாளில் குறித்துவையுங்கள், இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஐஃபோனில் ஹோல்டு டியூரேஷன், இக்னோர் ரிபீட் எல்லாம் இருக்கும் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ பக்கம் கைவைப்பதற்கு முன், பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் அது அணையும்படி குறுக்குவழி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நேரத்தைத் தவறாக வைத்துவிட்டு அதை அணைக்கும் பொத்தானையே தொட முடியாமல் நீங்களே திண்டாடுவீர்கள்.

இவ்வளவு செய்தும் விரல் ஒத்துழைக்கவில்லையா, விரலை விட்டுவிடலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோனில் சார்ஜ் துளையில் ஒரு ஓடிஜி இணைப்பானை (யூஎஸ்பி பொருட்களை ஃபோனில் மாட்ட உதவுவது) செருகி வீட்டில் கிடக்கும் சாதாரண மவுஸை மாட்டினால் திரையில் அம்புக்குறி வந்துவிடும். கிளிக் செய்வதும் கடினம் என்றால் ‘ஆட்டோகிளிக்’ இருக்கிறது, அம்பை ஓரிடத்தில் நிறுத்தினாலே தட்டியதாக எடுத்துக்கொள்ளும். ஐஃபோனில் மவுஸுக்கு ‘அசிஸ்டிவ் டச்’சை இயக்க வேண்டும். நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவருக்கு புளூடூத் மவுஸ் வாங்குங்கள், ஓடிஜி மாட்டியிருந்தால் சார்ஜ் போட இடம் இருக்காது.