நம்ம சர்வர் எத்தனை பேரைத் தாங்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் அல்வாவுக்கு நிற்கும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துக் கொடுக்க 4 பேர், ஆளுக்கு 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 12 பேர் வாங்கிப் போகலாம். அதற்கு மேல் வந்தால் வரிசை நீளும். தளத்தை இயக்கும் கணினியான சர்வருக்கும் இதே கணக்குதான்.

படி 1: சர்வர் லாகில் (சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு) ஒரு ரிக்வெஸ்டுக்கு, அதாவது தளத்துக்கு வரும் ஒரு கோரிக்கைக்கு, சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 0.2 விநாடி என்று வைப்போம்.

படி 2: ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் வொர்க்கர்களை எண்ணுங்கள்; அல்வா நிறுத்துக் கொடுப்பவர் மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் புரோகிராம்தான் வொர்க்கர். 8 இருந்தால், 8 ÷ 0.2 = விநாடிக்கு 40 ரிக்வெஸ்ட். வொர்க்கரை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. ஒன்று 120 எம்பி மெமரி பிடித்தால் எட்டுக்கே கிட்டத்தட்ட 1 ஜிபி போய்விடும்.

படி 3: சராசரியைப் பிரித்துப் பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். பாளையங்கோட்டையில் ஒரு பலகாரக் கடைக்கு ஆர்டர் தளம் செய்து கொடுத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி 7 மணிக்கு மேல் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. "தம்பி, பணம் கட்டவே முடியலன்னு சொல்லுதாவளே" என்று கடைக்காரர் போனில் பதறினார். சிபியுவோ சும்மா கிடந்தது. வொர்க்கர் எல்லாம் பேமென்ட் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. பத்தில் ஒரு ரிக்வெஸ்ட் பேமென்ட், அதற்கு 2 விநாடி. அப்படியானால் சராசரி 0.38 விநாடி; 40 என்று நம்பியது 21 ஆகிவிட்டது.

படி 4: தேவையை உச்ச நேரத்துக்குக் கணக்கிடுங்கள். அன்றைக்கு வந்தது 1,50,000 ரிக்வெஸ்ட். நாளின் 86,400 விநாடிக்கு வகுத்தால் 2 கூட வராது. ஆனால் பாதி வந்தது 7 முதல் 8 மணிக்குள். 75,000 ÷ 3,600, சுமார் 21!

படி 5: சோதித்துப் பாருங்கள். அப்பாச்சி பெஞ்ச் போல, ரிக்வெஸ்டுகளை மொத்தமாக அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று போதும். வேறு கணினியிலிருந்து, தளத்தின் நகல் மீது மட்டும் ஏவுங்கள். பேமென்ட் இடத்தில் 2 விநாடி காத்திருக்கும் போலிப் பக்கத்தை வையுங்கள். ஒரே நேரத்தில் 2, 4, 8, 16 என்று ஏற்றி, நூற்றில் 95 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்று கவனியுங்கள். அது சட்டென்று ஏறும்போது விநாடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் முடிகிறதோ, அதுதான் எல்லை.

எனக்கு விநாடிக்கு 13 ரிக்வெஸ்டிலேயே ஏறியது. ஆர்டர் விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸுக்கு இணைப்பு 5 மட்டும் வைத்திருந்தேன்; ஒவ்வொரு ரிக்வெஸ்டும் முடியும்வரை ஒரு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது; 5 ÷ 0.38 = 13. அதை 10 ஆக்கினேன். அப்புறம் வொர்க்கர் காத்து நிற்காதபடி பேமென்ட் சரிபார்ப்பைப் பின்னணி வேலையாக மாற்றியதும் 40-ஐ நெருங்கியது. கடைக்காரரிடம் 28 என்றுதான் சொன்னேன், எல்லையில் 70 சதவீதம்.