மானிட்டரில் படம் வரவில்லையா? கேபிளில் கை வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

போன வாரம் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், படம் வராத மானிட்டரின் பின்னால் கையை விட்டு எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான். சிபியு ஓடுகிறது, மானிட்டரும் ஆனில் இருக்கிறது. "டேய், நிறுத்து" என்று கத்திவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை அவனை உட்கார வைத்துச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஸ்விட்ச் போட்டிருக்கிறதா, கேபிள் கழன்றிருக்கிறதா, மெனுவில் சரியான இன்புட் இருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு பலரும் செய்யும் தவறுகள் இவை.

எதில் பழுது என்று கண்டுபிடிக்காமல் ஆரம்பிப்பது

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பழுது மானிட்டரிலா, சிபியு பக்கமா? இரண்டையும் சுவர் ஸ்விட்சில் ஆஃப் செய்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். மானிட்டரிலிருந்து வீடியோ கேபிளைக் கழற்றுங்கள். மானிட்டரின் பிளக்கை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். "நோ சிக்னல்" என்றோ "செக் கேபிள்" என்றோ எழுத்து வந்தால் திரை, அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட், பவர் போர்டு மூன்றும் வேலை செய்கின்றன. இனி பெரும்பாலும் கேபிளையும் சிபியுவையும் பார்த்தால் போதும். சில மானிட்டர்கள் அந்த எழுத்தைச் சில விநாடிகள்தான் காட்டும், அதனால் கண்ணை எடுக்காதீர்கள்.

இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல், நல்ல மானிட்டரைப் பைக்கில் மடியில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்து, வழியில் திரை உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் இருக்கும்போதே கேபிளைப் பிடுங்குவது

அது ஒரு மார்ச் மாதக் கடைசி. கணக்கு எழுதும் அண்ணன் ஒருவரின் வீடு, பழைய ஓட்டு வீடு. சிபியு ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. கேபிள்தான் லூஸாக இருக்கும் என்று நினைத்து நான்கைந்து முறை பிடுங்கிச் செருகினேன். ஒருமுறை சின்னதாக ஒரு பொறி வந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அப்புறம் ராமை, அதாவது மெமரிப் பலகையைக் கழற்றி, அதன் கால்களை அழிரப்பரால் துடைத்து மாட்டினேன். உண்மையான பழுது அதுதான், அதோடு சரியாகிவிட்டது. ஆனால் திரை அப்போதும் கறுப்பாகவே இருந்தது. அந்தப் பொறி வந்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ போர்ட்டை நானே கொன்றுவிட்டேன். அது தெரியாமல் ராமை மாற்றினேன், சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன், பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இரவு பத்து மணிக்குக் கார்டையே உருவிவிட்டு மதர்போர்டில் இருக்கும் பழைய வகை வீடியோ போர்ட்டான விஜிஏ-வில் செருகியதும் படம் வந்துவிட்டது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கார்டுக்கான பணத்தை நான்தான் கொடுத்தேன், அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். ஒரு பழுதின் மேல் இன்னொரு பழுதை நாமே ஏற்றிவிட்டால், முதல் பழுது சரியானதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

"எச்டிஎம்ஐ-யை ஆனில் இருக்கும்போதே செருகலாமே, அப்படித்தானே செய்திருக்கிறார்கள்?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. செருகலாம்தான், ஆனால் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். சிபியுவின் எஸ்எம்பிஎஸ்ஸில், இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால், அவற்றின் வழியே கசியும் கொஞ்சக் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால் பெட்டி முழுவதும் வீட்டுக் கரண்டின் 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். சிபியுவைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

அந்த வீட்டில் சிபியு எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது. மானிட்டர் சுவரில் இருந்த நல்ல மூன்று பின் சாக்கெட்டில் இருந்தது. கேபிள் ஒழுங்காக மாட்டியிருக்கும்வரை அதன் உலோக உறை இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்திருக்கும். பிடுங்கியதும் அந்த இணைப்பு போய்விடுகிறது. திரும்பச் செருகும்போது முனை கொஞ்சம் சாய்ந்து, உறை தொடுவதற்கு முன்பே ஒரு சிக்னல் பின் தொட்டுவிட்டால் போதும். 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் சிப்பின் மீது அந்த மின்னழுத்தம் பாய்கிறது.

விலை மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைத் திறந்து பாருங்கள். மேலே மூன்று துளை இருக்கும், உள்ளே வருவது இரண்டே வயர். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் மாட்ட ஒரு கட்டையைப் போடுகிறார்கள், அதிலும் எர்த் அங்கேயே முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு நாற்பதாயிரம் செலவழிக்கிறவர்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை, இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்தே உருவிவிட்டு அப்புறம் கேபிளைத் தொடுங்கள். சிபியு பொத்தானை மட்டும் அணைத்தால் போதாது. ஸ்விட்ச் ஆனில் இருந்தால் கசிவும் இருக்கும்.

கார்டு இருக்கும்போது மதர்போர்டில் செருகுவது

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிள் போக வேண்டியது சிபியுவின் பின்னால் கீழே படுக்கையாக இருக்கும் வரிசைக்கு. மேலே செங்குத்தாக இருப்பது மதர்போர்டுடையது. ஐ5-12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600-லும் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. அதனால் மேலே செருகினால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

அவசரப்பட்டு அணைப்பது

டிடிஆர்5 ராம் போட்ட புது மெஷின் முதல் முறை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சில போர்டுகளில் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்புதான். இடையில் அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கன்வெர்ட்டரைத் திருப்பிப் போடுவது

எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர், விஜிஏ-விலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றாது.

டார்ச் அடித்துப் பார்க்காமல் தூக்கிப் போடுவது

பவர் விளக்கு எரிகிறது, எழுத்து எதுவும் தெரியவில்லை. உடனே பேனல், அதாவது படம் காட்டும் திரை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அறையை இருட்டாக்கி, சிபியுவை இணைத்து ஓடவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக ஐகானோ எழுத்தோ தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்னாலிருக்கும் பேக்லைட்தான் எரியவில்லை. எல்இடி பட்டையையோ அதை ஓட்டும் பகுதியையோ மாற்றினால் பல மானிட்டர்கள் பிழைத்துக்கொள்ளும், செலவும் புது மானிட்டரைவிட மிகக் குறைவு. பழைய இரும்புக் கடைக்குப் போன ஒரு 24 இன்ச் மானிட்டரை இப்படித்தான் மீட்டோம். இப்போது அது கடையில் பில் போடும் மேசையில் இருக்கிறது.

மானிட்டரை நீங்களே பிரிப்பது

வேண்டாம். அடாப்டர் இல்லாமல் நேராகச் சுவரில் மாட்டும் மானிட்டர்களில், உள்ளே ஒரு கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கிறது, பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.