ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இளையோர் அணியின் ஆட்டத்தை மதிப்பிடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் திடல்களில் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் இளையோர், தேசிய அணி தோற்ற மறுநாள் "யாரால் தோற்றோம்?" என்று கேட்பதுண்டு. அதற்குப் பதில் சொல்லும் முன், எந்த நிமிடத்தில், திடலின் எந்தப் பகுதியில், எவ்வாறு தோற்றோம் என்று ஒரு தாளில் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வழிமுறையைக் காற்பந்து பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: போட்டியின் விதிகளை அறிதல்

ஆசியாவில் ஒலிம்பிக் ஆடவர் காற்பந்துக்கான இடங்கள் 2016 முதல் 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியின் வழியாக முடிவாகின்றன. 2024-இல் கத்தாரில் 16 அணிகள் நான்கு பிரிவுகளாக ஆடின. முதல் மூன்று இடங்களைப் பிடித்த ஜப்பான், உஸ்பெக்கிஸ்தான், ஈராக் ஆகியவை நேரடியாகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றன. நான்காம் இடம் பெற்ற இந்தோனேசியா, எஞ்சிய ஓர் ஒலிம்பிக் இடத்துக்காக ஆப்பிரிக்காவின் கினியுடன் மோதி 0-1 எனத் தோற்றது. ஒலிம்பிக்கில் வயது வரம்பைக் கடந்த மூவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஆசியச் சுற்றில் அதற்கு இடமில்லை.

நம் ஊர்ப் பெரியவர்கள் 1980-ஐ நினைவூட்டாமல் இருக்க மாட்டார்கள். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசிய அணி அது. கோல் கம்பங்களுக்கு நடுவே ஆர். ஆறுமுகம் நின்றார், வெற்றி கோலை ஜேம்ஸ் வோங் அடித்தார், அரசியல் காரணத்தால் மாஸ்கோ ஒலிம்பிக் பயணம் நடக்கவில்லை. அந்த வெற்றி நம் பெருமை. ஆயினும் அது முழு வயது தேசிய அணி. 23 வயது வரம்பு 1992-இல்தான் வந்தது. ஆகவே அந்த அணியை அளவுகோலாக வைத்து இன்றைய இளையோரை அளப்பது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: நோட்டுப் புத்தகத்தைத் தயார் செய்தல்

ஒரு பக்கத்தில் திடலை வரைந்து, நம் கோல் பகுதி, நடுப்பகுதி, எதிரணியின் கோல் பகுதி என மூன்றாகப் பிரியுங்கள். எதிர்ப்பக்கத்தில், நடப்பவற்றை நிமிடத்துடன் எழுத, 15 நிமிடங்களுக்கு ஒரு கட்டம் என ஆறு கட்டங்கள் போடுங்கள். இருவர் சேர்ந்து செய்வது நல்லது: ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதலாம். மாமாக் உணவுக் கடையின் தொலைக்காட்சித் திரைக்கு முன் கூச்சலுக்கு நடுவே தனியாக எழுதுவது கடினம்.

மூன்றாம் படி: பந்து கைமாறும் இடத்தைக் குறித்தல்

இதுவே முதன்மையான வேலை. நம் அணி பந்தை இழக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெருக்கல் குறி, மீட்கும் இடத்தில் ஒரு வட்டம், அவ்வளவு போதும். யார் இழந்தார் என்று தொடக்கத்தில் எழுத வேண்டாம். பெயரை எழுதத் தொடங்கினால் கண் அந்த ஒருவரையே துரத்தும், மற்ற பத்துப் பேரும் எங்கே நின்றார்கள் என்பது தப்பிவிடும். பெருக்கல் குறிகள் நம் கோல் பகுதியில் குவிந்தால், தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பந்தை அனுப்ப முன்னால் ஆள் கிடைக்கவில்லை என்று ஐயப்படலாம். அடுத்த முறை பந்து அவர்கள் காலுக்கு வரும்போது, மத்தியத் திடல் ஆட்டக்காரர்கள் இறங்கி வருகிறார்களா, எதிரணியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காம் படி: கோல் பிறந்த விதத்தைப் பின்னோக்கி எழுதுதல்

கத்தாரில் மலேசியா உஸ்பெக்கிஸ்தானிடம் 0-2, வியட்நாமிடம் 0-2, குவைத்திடம் 1-2 எனத் தோற்றது. முதல் இரண்டும் ஒரே எண்ணிக்கை என்பதால் ஒரே வகைத் தோல்வி என்று எண்ணிவிடக் கூடாது. வியட்நாமின் முதல் கோல் நேரடி ஃப்ரீ கிக்கிலிருந்தும், இரண்டாவது பினால்டியிலிருந்தும் வந்தன. இரண்டுமே நம் கோலுக்கு அருகில் நிகழ்ந்த தவறுகளுக்குக் கிடைத்த தண்டனை. எனவே கோல் விழுந்ததும் அதை மட்டும் எழுதாமல், அதற்கு முந்தைய தவறு, அந்தத் தவறுக்கு முன் பந்து இழந்த இடம் என மூன்று அடி பின்னால் செல்லுங்கள். பயிற்றுநர் அடுத்த ஆட்டத்துக்கு முன் திருத்தக்கூடியது பெரும்பாலும் அந்த மூன்றாவது அடியில்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: ஆட்டம் மாறிய நிமிடத்தைத் தனியாக வைத்தல்

அதே கத்தார் போட்டியின் இந்தோனேசியா–தென் கொரியா காலிறுதி இதற்குச் சிறந்த பாடம். 70-ஆம் நிமிடத்தில் கொரியர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அப்போது 2-1 என முன்னிலையில் இருந்த இந்தோனேசியா, பத்துப் பேரிடம் 84-ஆம் நிமிடத்தில் கோல் வாங்கியது. கூடுதல் நேரத்துக்குப் பின் பினால்டிகளில் 11-10 என வென்றது. முடிவை மட்டும் பார்ப்பவருக்கு அது சாதனை. சாதனைதான், மறுக்கவில்லை, ஆனால் ஓர் ஆள் கூடுதலாக இருந்தபோது அந்த இளையோர் ஏன் பின்வாங்கினார்கள் என்ற கேள்வியும் நோட்டில் இருக்க வேண்டும். ஆள் மாற்றம், அட்டை, காயம் ஆகிய மூன்றுக்கும் பிறகு வரும் ஐந்து நிமிடங்களை நட்சத்திரமிட்டு எழுதுங்கள்.

ஆறாம் படி: மறுநாள் எழுதுதல்

உணர்ச்சி தணிந்த பின், படத்தையும் கட்டங்களையும் பார்த்து ஐந்தாறு வாக்கியங்கள் எழுதுங்கள். வராத ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இப்போட்டிக்கு ஆட்டக்காரரை விடுவிக்கும்படி கிளப்புகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், சிறந்த அணியே களமிறங்கியது என்று கருதிவிட முடியாது. ஒவ்வொரு கருத்துக்கும் அருகில் அதற்குச் சான்றான நிமிடத்தை எழுதுங்கள். நிமிடம் காட்ட முடியாத கருத்தை அடித்துவிடுங்கள்.