ஃபோர்ட் வொர்த் மாட்டுச் சந்தை மியூசியம்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

டாலஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஃபோர்ட் வொர்த்தின் பழைய மாட்டுச் சந்தைப் பகுதியான ஸ்டாக்யார்ட்ஸுக்கு ஒரு நடை கட்டாயம் உண்டு. காலை 11:30க்கு நீளக்கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டிக்கொண்டு வருவார்கள், போட்டோ எடுப்போம், வெயில் மண்டையைப் பிளக்கும், ஆளுக்கொரு ஐஸ்க்ரீம், அப்புறம் வீடு. நானும் மூன்று முறை அப்படித்தான் திரும்பினேன். மாடுகள் நடக்கிற அதே தெருவில் இருக்கும் லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள் ஸ்டாக்யார்ட்ஸ் மியூசியம் என்று ஒன்று இருப்பது நாலாவது முறைதான் தெரிந்தது, அதுவும் ஏசி தேடி உள்ளே ஒதுங்கியதால். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ ஆபீஸ் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். முதல் தவறு இதுதான்.

இன்னொன்று, போனில் 'கேட்டில் மியூசியம்' என்று போட்டுவிட்டு அது காட்டுகிற இடத்துக்குப் போவது. கேட்டில் ரெய்சர்ஸ் மியூசியமும் கௌகேர்ல் மியூசியமும் இதே ஊரில்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டும் கல்ச்சுரல் டிஸ்ட்ரிக்டில், சில மைல் தள்ளி. அவையும் நல்ல இடங்கள்தான், பெரியவை, பளபளப்பானவை. நான் சொல்வது உள்ளூர் வரலாற்றுச் சங்கம் நடத்துகிற சின்ன மியூசியம். இந்த மாதிரி இடங்களில் திறக்கும் நேரமும் ஞாயிறு விடுமுறையும் மாறலாம், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சரி, உள்ளே போயாச்சு. இப்போது செய்கிற பெரிய தவறு, துப்பாக்கிச் சண்டையைத் தேடுவது. கௌபாய் என்றதும் நம் தலைக்குள் ஓடுவது சினிமா. இங்கே இருப்பது வியாபாரம். உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சஸில் மாடு கொட்டிக்கிடந்தது, வாங்க ஆளில்லை. நாலு டாலர் பெறாத மாடு வடக்கே போனால் நாற்பது டாலர் வரை போகும் என்ற நிலை. கான்சஸ் அபிலீனில் 1867இல் ரயிலடி ஓரமாகத் தொழுவம் கட்டி ஜோசப் மெக்காய் என்பவர் வாங்க உட்கார்ந்தார். இரண்டாயிரம், மூவாயிரம் மாட்டைப் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு மூன்று மாதம் நடத்திக்கொண்டு போனார்கள். 1866க்கும் 1890க்கும் நடுவே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டிப் போயிருக்கின்றன. அந்த மாட்டோட்டிகளில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள், மெக்சிகோக்காரர்களும் ஏராளம். ராஞ்ச் (பண்ணை), ரோடியோ, லாசோ (சுருக்குக் கயிறு) எல்லாமே ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொற்கள்தான். கட்டடத்துக்குப் பக்கத்தில் மாட்டின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் பில் பிக்கெட் சிலை இருக்கிறது, அவரும் கறுப்பினத்தவரே. அதைத் தாண்டித்தான் எல்லோரும் பார்க்கிங்குக்கு ஓடுகிறோம்.

ஆனால் மாடு நடந்த காலம் இருபது, இருபத்தைந்து வருடம்தான். 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார்கள், மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனது, ஃபோர்ட் வொர்த்துக்கே 1876இல் ரயில் வந்துவிட்டது. இந்த மியூசியத்தின் உண்மையான கதை அதற்குப் பிறகு, 1902 வாக்கில் ஆர்மர், ஸ்விஃப்ட் என்ற இரண்டு இறைச்சிக் கம்பெனிகள் இங்கே ஆலை போட வந்ததில் தொடங்குகிறது. நீங்கள் நிற்கிற கட்டடம் அந்தச் சமயத்தில் கட்டியது. உள்ளே இருந்தவை என்ன? நம் பாஷையில் சொன்னால் கமிஷன் மண்டிகள். பண்ணைக்காரர் ரயிலில் மாட்டை அனுப்புவார், மண்டிக்காரர் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு, தண்ணீர் காட்டி, ஆலைக்காரரிடம் பேரம் பேசி, எடை போட்டு விற்று, தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். எடைக்கு முன் மாடு எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதில்கூடக் காசு இருக்கிறது. நம்மூர்ச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்த என் அப்பாவுக்கு இதையெல்லாம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, "தரகு எவ்வளவு?" என்றுதான் கேட்டார். பழைய போட்டோக்களையும் காகிதங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள், அலமாரி அலமாரியாகப் பேசும்.

வீட்டில் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் கூட்டிப்போவதும் தவறு. "மாட்டு மியூசியம்" என்றால் அவர்கள் நினைப்பது பொங்கல் மாடு. இங்கே வந்த மாடுகள் அடிமாடுகள். 1944 என்ற ஒரே வருடத்தில் மாடு, பன்றி, ஆடு எல்லாம் சேர்த்து 52 லட்சத்துக்கு மேல். அப்புறம் லாரி வந்து, ஊர் ஊருக்கு ஏலச்சந்தை வந்து, ஆர்மர் 1962இலும் ஸ்விஃப்ட் 1971இலும் மூடினார்கள். சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால் அம்மா முகம் சுளித்தாலும் பார்ப்பார். சொல்லாமல் போனால் பாதியில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார், எங்கள் வீட்டில் நடந்தது.

ஒரு பல்பு இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்தால் போனதற்கு அர்த்தமில்லை என்பேன். 1908இல் இந்த ஊர் நாடக அரங்கு ஒன்றில் போட்ட பல்பு, இன்னும் எரிகிறது. கலிபோர்னியா லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901இலிருந்து எரியும் பல்புக்கு அடுத்தது இதுதான். பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், உள்ளே கம்பி மட்டும் மங்கலாகச் சிவந்திருக்கும், ஃபிளாஷ் போட்டால் அதுவும் போட்டோவில் விழாது. கைகட்டி ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

மாடு யாருடையது என்று காட்டச் சூடு போடும் குறிகளை வெறும் கிறுக்கல் என்று தாண்டுவது அடுத்த தவறு. இதற்கு இலக்கணமே உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே படிக்க வேண்டும். எழுத்து படுத்திருந்தால் 'லேசி', அடியில் வளைவு இருந்தால் 'ராக்கிங்', இறக்கை வைத்தால் 'ஃபிளையிங்', ஒரு கோடு 'பார்'. டெக்சஸில் இன்றைக்கும் இந்தக் குறியைக் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிய வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்துவிடுங்கள். என் பெண் தன் பெயரின் முதலெழுத்தைப் படுக்கப்போட்டு வளைவு ஒன்று வரைந்து அரைமணி நேரம் சத்தமில்லாமல் இருந்தாள்.

கடைசியாக, மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பேசாமல் வருவது. நமக்கு ஒரு கூச்சம், ஆங்கிலம் தட்டுத்தடுமாறுமோ என்று. ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள், கிளம்ப விடமாட்டார். வழியில் பண்ணைகளில் திமிலோடு மாடு பார்த்து "இது நம்மூர் மாடாச்சே" என்று அம்மா கேட்டாரா, அதையே கேளுங்கள். பிராமன் என்று இங்கே சொல்கிற அந்த இனம் நம் நாட்டு மாடுகளின் வழி வந்ததுதான், 1906இல் டெக்சஸின் பியர்ஸ் பண்ணைக்கு இந்தியாவிலிருந்தே கப்பலில் இறக்கியிருக்கிறார்கள், வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதற்காக. அதைக் கேட்ட பிறகுதான் பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து மறுபடி உள்ளே வந்தார்.